பின்சீட்டில் வாத்தியார்

"வாத்தியாரே, இந்த வண்டி என்னைக் கொல்லப் போகுது."

சுருளிவேல் இதைச் சொன்னபோது ஜன்னத் ஒரு ஸ்கூட்டரின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தாள். திரும்பவில்லை.

"அப்ப ஓட்டாதீங்கண்ணே."

"ஓட்டணுமே."

"அப்ப ஓட்டுங்க."

அவ்வளவுதான் பதில்.

மலையடிவாரத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்தாள் ஜன்னத். அவனைவிடப் பத்து வயது சின்னவள். இருந்தாலும் அவன் அவளை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டான். காயலாங்கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பைக்கை உருட்டிக்கொண்டு வந்து, "கத்துக் கொடுங்க, நானே ரெடி பண்றேன்" என்று நின்ற நாளிலிருந்து அப்படித்தான்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"சொல்லித் தருவேன். உங்க வண்டியை நான் தொட மாட்டேன். ஒரு நட்டைக்கூட."

தொடவில்லை. இன்ஜினைப் பிரித்ததும் சேர்த்ததும் அவன். ஒயரிங் இழுத்தது அவன். ஹேண்டில்பாரை உயர்த்தியது, சீட்டை நீளமாக்கித் தைத்தது, டேங்குக்கு மயில்கழுத்து நிறம் அடித்தது, எல்லாம் அவன்தான். ஸ்பானரைத் தப்பாகப் பிடித்தால் "ம்ஹும்" என்பாள். சரியாகப் பிடித்தால் அதுவும் சொல்ல மாட்டாள்.

வண்டி ராஜா மாதிரி நின்றது. ஸ்டார்ட்டும் ஆனது. ஓட்டத்தான் ஆளில்லை.

அவனுக்கு வேலை மலைக்கு மேலே, ஒரு ஏலக்காய்க் கடையில் எடை போடுவது. இத்தனை வருசமும் பஸ்தான். இனிமேல் பைக்கில்தான் வருவேன் என்று கடை முழுக்கச் சொல்லித் தொலைத்திருந்தான். ஏறுவது பிரச்சினை இல்லை. ஏறினால் இறங்கணும். கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை.

இப்போதெல்லாம் பஸ்ஸில் மலை இறங்கும்போதே, வளைவு வந்தால் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

பக்கத்து சீட்டு அம்மா கேட்டே விட்டாள். "ஏப்பா, நீயா ஓட்டுற?"

சாயங்காலம் மெக்கானிக் கடைக்கு வந்தான். "வாத்தியாரே, செயின் அறுந்துருமோன்னு இருக்கு."

"கழட்டிப் பாருங்க."

கழற்றினான். நன்றாக இருந்தது. மாட்டினான்.

மறுநாள் வந்தான். "கிளட்ச் ஒயரு?"

"கழட்டிப் பாருங்க."

அதுவும் நன்றாக இருந்தது. அப்புறம் கார்ப்பரேட்டர். அப்புறம் முன் டயர். அப்புறம் ஹாரன்கூட. ஹாரனால் யார் சாவார்கள்? அதையும் கழற்றிப் பார்த்தான்.

பயம் குறையணும் இல்லையா? குறையவில்லை. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, பயம் கூடத்தான் செய்தது.

டீ கொண்டு வந்த காசிமாயன் வண்டியைச் சுற்றி வந்தான்.

"என்னண்ணே, கழட்டி மாட்டியே தேச்சுருவ போல?"

"நல்ல நாள் பாத்துட்டு இருக்கேன்டா."

"வளர்பிறை போச்சு, தேய்பிறை போச்சு. இன்னும் எந்தப் பிறைக்கு வெயிட்டிங்? பேசாம கடைவாசல்ல நிறுத்து. நாலு பய போட்டோ எடுத்துட்டுப் போவான்."

சுருளிவேல் டீயைக் குடிக்காமலே கிளாஸைத் திருப்பிக் கொடுத்தான். காசிமாயன் போகிறவரை காத்திருந்து ஜன்னத்திடம் போனான்.

"வாத்தியாரே, ஒரே ஒரு தடவை. நீங்க பாத்து, சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சொன்னா பயம் போயிருமா?"

"சத்தியமா போயிரும்."

ஜன்னத் மண்ணெண்ணெயில் கையைக் கழுவினாள். துணியில் துடைத்தாள். முக்காட்டை இறுக்கிக் கட்டினாள்.

பார்க்கப் போகிறாள் என்று அவன் நினைத்தான். உயிரே வந்த மாதிரி இருந்தது.

அவள் வண்டியைப் பார்க்கவே இல்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எடுங்கண்ணே. மேல போயிட்டு இறங்குவோம்."

"நீங்க எதுக்கு? நான் மட்டும் போறேன்."

"எடுங்க."

"வேணாம் வாத்தியாரே, வெயிலா இருக்கு."

"எடுங்கண்ணே."

கிக்கரை உதைத்தான். ஸ்டார்ட் ஆகக்கூடாது என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டுதான் உதைத்தான். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. பாவி, நல்லா வேலை செஞ்சிருந்தான்.

ஏறினார்கள்.

ஏத்தத்தில் பிரேக்குக்கு வேலையில்லை. முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். முதல் வளைவு. இரண்டாவது. வண்டி சும்மா சொல்லக்கூடாது, அல்வா மாதிரி ஏறியது. அவனுக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் பின்னால் இருக்கிறாள் என்பது சீட்டின் கனத்தில் தெரிந்தது. அந்தக் கனம் வளைவுக்கு வளைவு கூடிக்கொண்டே போனது.

ஊர் கீழே தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிந்தது.

"போதும், திருப்புங்க," என்றாள்.

திருப்பினான்.

வண்டியின் மூக்கு இப்போது கீழே பார்த்தது. ரோடு நேராக ஓடி, பாறையில் முட்டுகிற மாதிரி போய், சட்டென்று காணாமல் போனது. அந்த இடத்தில் ஆகாயம்தான் இருந்தது. முன் பிரேக்கைக் கையால் இறுக்கிப் பிடித்தபடி அவன் நின்றான். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. அதன் காற்று இரண்டு பேரையும் ஓரத்துக்குத் தள்ளப் பார்த்தது.

"போங்கண்ணே."

வலது காலைத் தரையிலிருந்து எடுத்து பிரேக் பெடலுக்குக் கொண்டு போகணும். ஒரு சாண் தூரம். கால் வரவில்லை.

"இறங்குங்க வாத்தியாரே."

"ஏன்?"

"இறங்குங்க."

"கீழ போயி இறங்கிக்கிறேன்."

"இறங்குன்னா இறங்கு தாயி!"

அவளிடம் அவன் கத்தியது அதுதான் முதல் தடவை. அவள் இறங்கினாள்.

அவன் ஸ்டாண்டு போட்டான். ரோட்டோரச் சரளையில் முட்டி போட்டு உட்கார்ந்தான். செயினைப் பார்க்கவில்லை. ஒயரைப் பார்க்கவில்லை. கை எங்கேயும் தேடவில்லை, நேராகப் பின் சக்கரத்துக்குப் போனது.

பின் பிரேக்கைச் சக்கரத்தோடு சுழலவிடாமல் பிடித்து வைக்கிற ஒரு கம்பி உண்டு. அதை வண்டியோடு சேர்ப்பது ஒரே ஒரு போல்ட். அது விட்டுப்போனால், இறக்கத்தில் பிரேக்கை மிதித்த உடனே சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்புறம் சொல்ல ஒன்றுமில்லை.

நகத்தால் சுரண்டினான். கறுப்புப் பெயிண்ட் உரிந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ சுருண்டு வந்தது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற டேப்.

மாட்டிய அன்றைக்கே மரை தேய்ந்து, போல்ட் வழுக்கியது. கடைத்தெரு அடைத்திருந்தது. இன்றைக்கே பெயிண்ட் அடித்துவிடணும் என்று ஆசை. டேப்பைச் சுற்றி முறுக்கினான், பிடித்துக்கொண்டது. நாளைக்கு மாத்திக்கலாம் என்று மேலே பெயிண்ட்டும் அடித்தான். பெயிண்ட் காய்ந்த பிறகு அந்த இடம் மற்ற இடங்களைப் போலவே பளபளவென்று இருந்தது. அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

இரண்டு விரலால் திருகினான். ஸ்பானர் தேவைப்படவில்லை. போல்ட் விரலோடு வந்துவிட்டது.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

"இது தெரிஞ்சுதான ஏறுனீங்க?"

"உங்க வண்டியை நான் எப்பண்ணே தொட்டேன்? எங்க கோளாறுன்னு உங்களுக்குத்தான தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப தெரியாமயா இவ்வளவு தூரம் பின்னால உக்காந்து வந்தீங்க?"

ஜன்னத் இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினாள். மண்ணெண்ணெய் வாடை போகாத கைகள். விரல்கள் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஏறுனதுலேர்ந்து இப்படித்தான்ணே இருக்கு," என்றாள்.