பனிக்குருவி நின்ற இடம்

ஒருத்திக்கு அது வலி. அவளுக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் அது அழகு. அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

லண்டனில் ஒரு பாலே நடனப் பள்ளி. காலையிலிருந்து மழை. அன்று தேர்வு. ஆடும் பெண்களில் ஒருத்திக்குத்தான் தொடர்ந்து படிக்க இடம். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அடுத்து ஆட வேண்டியவள் டாரிஸ். மேடைக்குப் பின்னால், ஆசிரியையின் நாற்காலியை ஒட்டி நின்றாள். ஆசிரியை வினிஃப்ரெட் ஹேல். ‘பனிக்குருவி’ நடனத்தை முதன்முதலில் ஆடியவர். ஒரு காலத்தில் இங்கிலாந்தே கொண்டாடிய பெயர். இப்போது கைத்தடி இல்லாமல் எழுந்திருக்க முடியாது.

மேடையில் இன்னொரு மாணவி மார்கரெட் அதே நடனத்தை ஆடிக்கொண்டிருந்தாள். நடுவில் சட்டென்று ஒற்றைக் காலில் அசையாமல் நின்று தலை குனிந்தாள். கைதட்டல் அதிர்ந்தது.

“மேடம், குருவி அந்த இடத்தில் எதை நினைத்து நிற்கிறது? கூட்டையா? மார்கரெட் அப்படித்தான் சொல்கிறாள்.”

“மார்கரெட் நிறையச் சொல்வாள். நான் ஒன்றையும் நினைக்கவில்லை. முதல் நாள் மேடையில் கணுக்கால் எலும்பில் விரிசல் விழுந்தது. ஊன்ற முடியவில்லை. நின்றேன்.”

டாரிஸ் சிரிக்கப் பார்த்தாள். ஆசிரியை சிரிக்கவில்லை.

“மறுநாளும் நின்றீர்களே?”

“மறுநாள் அதைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கி வந்திருந்தார்கள்.”

“கால்?”

“நான் அதை ஆறவிடவில்லை. பிறகு அது என்னை ஆடவிடவில்லை.”

“அப்படியானால், நடனத்தில் அந்த இடத்தில் முதலில் என்னதான் இருந்தது?”

பாலே ஆடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலுக்கு ஓய்வு வேண்டும்போது, கால் செய்வதைக் கைகளால் செய்து காட்டுவார்கள். ஆசிரியை தடியை மடியில் வைத்தார். கைகள் எழுந்தன. ஒரு தாவல். அது இறங்குமுன் இன்னொன்று. பிறகு காற்றிலேயே ஒரு சுழற்சி.



“இதை யார் ஆடியிருக்கிறார்கள், மேடம்?”

“ஒத்திகையில் நான். மேடையில் யாருமில்லை.”

“என்னால் முடியும்.”

“தெரியும்.”

“ஆனால் நிற்க மறந்துவிட்டாள் என்பார்களே! நின்றால்தானே இடம்?”

“ஆமாம்.”

“பிறகு நான் எதை ஆடுவது?”

மேடையிலிருந்து டாரிஸின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“இரண்டுக்கும் ஒரே இசைதான். போ.”

பியானோ தொடங்கியது. அந்த இடம் வந்தது. டாரிஸ் நின்றாள்.