தளவாய் கொட்டகையில் நின்ற வண்டி

முன்னொரு காலத்தில் மேலைமருதம் என்ற நாட்டை இளவரையன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். தான் பாரபட்சம் பார்க்காதவன் என்று தினமும் ஒருமுறை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

அந்த நாட்டில் பெரிய ஏரி ஒன்று. வருஷா வருஷம் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும். எந்த ஊர் வண்டி ஜெயிக்கிறதோ அந்த ஊருக்குத்தான் முதலில் மடை திறப்பார்கள். பந்தய விதிகளை எழுத ஒரு சபை. அந்தச் சபையில் இருந்தவர்கள் எல்லோரும் ராஜாவின் மைத்துனர் தளவாய் விசையப்பன் வீட்டில் கைநனைத்தவர்கள். ஆகவே ஜெயிப்பது எப்போதும் தளவாயின் வண்டிதான்.

கடைமடையில் சிறுகுடிக்காடு என்று ஓர் ஊர். அந்த ஊர்த் தலைவி செம்பாயி. அவளுடைய காளைகள்தான் முதலில் எல்லையைத் தொடும். தொட்டு என்ன பயன்? ஒரு வருஷம் சக்கரப் பட்டை அகலம் என்றார்கள். அடுத்த வருஷம் மாட்டின் திமில் உயரம் என்றார்கள். வண்டியை ஒதுக்கினார்கள். சிறுகுடிக்காட்டுக்குக் கடைசியில் வந்தது சேறு.

செம்பாயி நேரே அரசவைக்கு வந்து, விதியெல்லாம் தளவாய்க்காகவே எழுதப்படுகிறது என்றாள். ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பந்தயத்துக்குள் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் காளைகள் இரண்டும் தளவாயின் தொழுவத்துக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். பிறகு மந்திரி பொன்னம்பலவாணரைப் பார்த்து, “நீர் விசாரியும்” என்றார்.

மந்திரிக்கு அலுப்பு. இதே புகாரை இதே ராஜாவின் அப்பா காலத்திலிருந்து விசாரித்து வருகிறவர் அவர். ஓய்வு கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். இருந்தாலும் செம்பாயி கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொள்ளாமல் நின்ற நிற்பைப் பார்த்தார். சரி, இன்னும் ஒரு தடவை என்று எழுந்தார்.

சபையார் விதி எழுதும் முறை அவருக்குத் தெரியும். தளவாயின் தச்சர் வருஷத்துக்கு ஒரு புது வண்டி செய்வார். சபையார் அளவுகோலோடு கொட்டகைக்குப் போய், அங்கே நிற்கும் வண்டியை அளந்து, அந்த அளவையே சட்டமாக்கிவிடுவார்கள். தளவாய் அன்றைக்கு வேட்டைக்குப் போய்விடுவார், ‘நான் அவர்களைப் பார்க்கவே இல்லை’ என்று சத்தியம் பண்ண வசதியாக.

மந்திரி என்ன செய்தார் தெரியுமா? அளக்கும் நாள் காலையில், அச்சுக்கு மசகு போட வேண்டும் என்று அரண்மனை உத்தரவு காட்டி, புது வண்டியை வெளியே ஓட்டிவரச் செய்தார். அந்த இடத்தில் சிறுகுடிக்காட்டுக் குயவர் மண் அள்ளும் வண்டியை, தளவாயின் மஞ்சள் சிவப்புச் சாயம் பூசி நிறுத்திவிட்டார். சபையார் போனதும் பழையபடி மாற்றிவிட்டார்.

அடுத்த வாரம் சபைத் தலைவர் கனகராயர் அவையில் விதிகளை வாசித்தார். இடது சக்கரம் வலது சக்கரத்தைவிட ஒரு சாண் பெரிதாக இருக்க வேண்டும். அச்சு நடுவில் வளைந்திருக்க வேண்டும். அடிப்பலகையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை வேண்டும்.

ராஜா நெற்றியைச் சுருக்கினார். “ஓட்டை எதற்கு ராயரே?”

“காற்றோட்டத்துக்கு மகாராஜா. ஓட்டுகிறவனுக்குச் சூடு ஏறாது.”

“இடது சக்கரம்?”

“திருப்பத்தில் வண்டி தானே சாயும். பல நாள் ஆராய்ந்து கண்ட நுணுக்கம்.”

ராயருக்கே அது புரியவில்லை. ஆனால் தளவாயின் கொட்டகையில் நின்றதாயிற்றே, ஏதோ புது வித்தை என்று நம்பிவிட்டார். தளவாயும் வழக்கம்போலத் தலையாட்டி, அருமையான விதி, தன் வண்டி இதற்கு மயிரிழை பிசகாது என்றார்.

மந்திரி கொட்டாவியை அடக்கிக்கொண்டு, அந்த வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது. சக்கரம் இரண்டும் சமம், அச்சு நேர், பலகையில் ஓட்டையே இல்லை. அவையில் ஒருவர் இருமினார். இன்னொருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

“விதிக்கு ஒத்த வண்டி நாட்டில் ஒன்றுதான் இருக்கிறது” என்று மந்திரி இன்னொரு வண்டியை உள்ளே இழுத்துவரச் செய்தார். அளந்தார்கள். எல்லாம் அச்சாகப் பொருந்தியது.

“இது யாருடையது?” என்றார் ராஜா.

செம்பாயி சொன்னாள்: “எங்க ஊர்க் குயவர் மண்ணள்ளுற வண்டி ராசா.”

“மண்வண்டியின் அளவு சட்டத்துக்குள் எப்படி வந்தது?”

கனகராயருக்கு வேர்த்துவிட்டது. “தளவாய் கொட்டகையில் எது நின்றதோ அதைத்தான் அளந்தோம் மகாராஜா. எப்போதும் அப்படித்தானே” என்றார்.

ராஜா தன் மோதிரத்தைத் திருகினார். பிறகு, விதிகள் ரத்து, யார் வேண்டுமானாலும் எந்த வண்டியிலும் ஓடலாம், தளவாய் மட்டும் தாம் மெச்சிய விதிப்படி அந்த மண்வண்டியில்தான் ஓட வேண்டும் என்றார்.

பந்தயத்தன்று தளவாயின் வண்டி புறப்பட்ட இடத்திலேயே வட்டம் போட்டது. மாடுகளுக்கே தலை சுற்றி, அவை படுத்துவிட்டன. ஓட்டை வழியாக அவருடைய ஒரு கால் வெளியே தெரிந்தது என்றும் சொல்வார்கள். செம்பாயியின் காளைகள் எல்லையைத் தொட்டன. சிறுகுடிக்காட்டு வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது.

ராஜா மந்திரியைக் கட்டிக்கொண்டு, “இனி விதிச் சபைக்கு நீரே தலைவர்” என்று பரிசு கொடுத்தார். ஓய்வு கேட்க வாயெடுத்த மந்திரி மூடிக்கொண்டார்.

மந்திரியின் பல்லக்கு வீட்டு வாசலுக்கு வந்தபோது அங்கே செம்பாயி நின்றாள். கும்பிட்டாள். ஊரே அவரை வாழ்த்துகிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“மந்திரியாரே, காளைக ரெண்டுக்கும் வயசாகுது. அடுத்த வருசம் ஓட்டத் தூரத்தைக் கொஞ்சம் குறைச்சு எழுதினீங்கன்னா…”

மந்திரி இறங்கப் போன காலைப் பல்லக்குக்குள் இழுத்துக்கொண்டார்.

“திருப்புங்கப்பா, அரண்மனைக்கு. ஓய்வு கேட்டுட்டு வந்துடறேன்” என்றார்.