மாவடு ஜாடித் திருட்டு

மருதங்கோட்டை அரண்மனையில் மூன்று நாளாக மாவடு ஜாடி காலியாகிக்கொண்டே வந்தது. தடயத்தைப் பார்த்தே திருடனின் அங்க அடையாளம் சொல்லும் பண்டிதர் வித்யாபதி பல்லக்கில் வந்து இறங்கினார். ஜாடியை மூன்று சுற்றுச் சுற்றினார்.

“மூடித் துணியில் இடக்கை முடிச்சு! நாய் குரைக்கவில்லை, ஆகவே அரண்மனை ஆள். காலடி சின்னது, ஆகவே ஆள் குள்ளம். அகப்பட்டான் திருடன்!” என்று மாவரைக்கும் சடையனைக் கைகாட்டினார்.

சடையன் குள்ளன், இடக்கைக்காரன். போதாக்குறைக்கு நாய் வேறு அவன் காலை நக்கிக்கொண்டிருந்தது.

“நாடு கடத்துங்கள்!” என்றார் ராஜா.

சடையன் கும்பிட்டான். “பண்டிதர் சொன்ன அடையாளம் அத்தனையும் சரிதான், மகாராஜா. ஆனா அது எனக்கும் பொருந்துது, இன்னொருத்தருக்கும் பொருந்துது. ஜாடி பக்கத்துலயே நெய் சொட்டுற லட்டு இருந்துச்சு. நான் திருடியிருந்தா அதுதான் முதல்ல போயிருக்கும். திருட வந்தவங்க புளிப்பை மட்டும் ஏன் தேடுனாங்க? அதை மருத்துவச்சிகிட்ட கேளுங்க.”

ராஜா சட்டென்று திரும்பினார். சிம்மாசனத்தில் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்திருந்த ராணி, இடக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்து வருஷமாகத் தொட்டில் ஆடாத அரண்மனை அது! பண்டிதர் மெல்லப் பல்லக்கைத் தேடினார்.

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “சடையா, இந்தத் திருட்டுக்கு என்னடா தண்டனை?”

“ரெண்டு கையிலயும் விலங்கு பூட்டணும், மகாராஜா. ஏழாம் மாசம், வளைகாப்பு அன்னைக்கு, கண்ணாடியில!”