நீலம் கலந்த வெந்நீர்

பூமிக்குள் படுக்கைவாட்டில் தோண்டிய கெட்டிக் கச்சா எண்ணெய்க் கிணறு அது. எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம் வந்தது. அதில் வருவதைத் தினமும் புட்டியில் மாதிரி பிடிக்கும் சவரிமுத்துவிடம் மேலாளர் எகிறினார்.

"கிணத்துவரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு வெந்நீர்த் தொட்டியில மொண்டு கலக்குறே. உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன்!"

"தொட்டியில நீலச் சாயம் ஊத்துங்க சார். நான் மொண்டா மாட்டிக்குவேன்."

எண்ணெயை இளக்கப் பக்கத்துக் கிணற்றில் இறக்கும் வெந்நீர் அது. மேலாளரே சாயத்தை ஊற்றித் தொட்டியின் மூடியைப் பூட்டினார். தினமும் புட்டியை எட்டிப் பார்த்துத் தவித்தார். ஒருநாள் காலையில் புட்டி நீலமாக இருந்தது.

"மாட்டினான் திருடன்!" என்று ஆட்களைக் கூட்டினார்.

"இந்தக் கிணத்துக் குழாயை நீங்களே திறங்க சார்."

திறந்தார். அவர் சட்டையெல்லாம் நீலம் தெறித்தது.

"உங்களுக்குத் தண்ணி காட்டினது நானில்ல சார். பக்கத்துக் கிணத்துல நீங்க இறக்குன வெந்நீர்தான்."