நீர்நாய் அடைத்த வாய்க்கால்

காட்டோரக் குளத்தில் ஒரு தாய் நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. குளத்துக்கு மேலே முள்ளம்பன்றி ஒன்று முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தது. பாத்திரங்களைக் கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாக நேரே குளத்தில் வந்து விழுந்தது.

முதலில் மீன்கள் செத்து மிதந்தன. பிறகு நீர்நாயின் சின்னக் குட்டிக்குக் கால்கள் விளங்காமல் போயின. பத்தே நாளில் அது இறந்துவிட்டது.

நீர்நாய் பட்டறைக்குப் போனது. "உன் தண்ணீரில் விஷம் இருக்கிறது. என் குட்டி செத்துப்போனது."

"தெளிவாகத்தானே ஓடுகிறது? விஷம் எங்கே, காட்டு பார்க்கலாம்" என்று சிரித்தது முள்ளம்பன்றி.

குளத்து நண்டு இதைக் கேள்விப்பட்டது. ஆற்றிலிருந்து கருப்பு இரும்பு மணலைக் கொண்டுவந்தது. அதோடு சிரட்டைக் கரித்தூளைக் குழைத்துச் சுட்டுப் பொடியாக்கியது.

"தண்ணீரில் கரைந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாது, அக்கா. ஆனால் இந்தப் பொடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு காந்தக்கல்லைக் காட்டினால் பொடியோடு வெளியே வந்துவிடும்."

கரையில் ஒரு குழி வெட்டி, குளத்து நீரை நிரப்பி, இருவரும் நாள் முழுக்கப் பொடியைக் கலக்கி, காந்தக்கல்லால் இழுத்தார்கள். பிறகு அந்தக் குழியில் விட்ட நத்தைகள் சாகவில்லை.

செய்தி கேட்டு முள்ளம்பன்றி ஓடி வந்தது. "அருமை! இனி நான் இரண்டு மடங்கு ஊற்றுகிறேன். நீங்கள் எடுத்துவிடுங்கள்."

"என் குட்டியைக் கொன்றதை நான் அள்ள வேண்டும், நீ பாத்திரம் மினுக்குவாயா?" என்று சீறியது நீர்நாய்.

அன்றைக்கே அது கல்லும் களிமண்ணும் போட்டு வாய்க்காலை அடைத்தது. தண்ணீர் திரும்பிப் பட்டறைக்குள் கணுக்கால் அளவு ஏறியது.

"தண்ணீரைத் தொடாதீர்கள்! வாயில் வைக்காதீர்கள்!" என்று தன் பிள்ளைகளைப் பார்த்து அலறியது முள்ளம்பன்றி.

அலறல் கேட்டுக் காட்டு விலங்குகள் எல்லாம் கூடிவிட்டன.

"அப்படியானால் உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது" என்றது நீர்நாய்.

முள்ளம்பன்றி தலை குனிந்தது. மறுநாளே பட்டறை வாசலில் பெரிய தொட்டி கட்டியது. பொடியைத் தானே கலக்கி, காந்தக்கல்லால் தானே இழுத்து, ஒட்டிய உலோகத்தைத் தானே சுரண்டிப் பத்திரப்படுத்தியது. தொட்டி நீரில் நத்தைகள் உயிரோடு இருப்பதை நண்டு பார்த்துச் சொன்ன பிறகே நீர்நாய் வாய்க்காலைத் திறந்தது. குளத்து நீரையும் முள்ளம்பன்றியே அப்படிச் சுத்தம் செய்த பிறகு மீன்கள் வந்தன. சின்னக் குட்டி வரவில்லை.

நஞ்சைக் கலந்தவரே அதை அகற்றவும் வேண்டும். அந்த வேலையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் கட்டுவது இன்னொரு குற்றம்.