பிரஷர் பார்க்கிற நேரம்

"சிஸ்டர், அஞ்சு நாளா முழங்கால்ல நிக்கேன். ஆண்டவர் வாயே திறக்கல."

எப்சிபாய் வாசற்படியில் நின்றே இதைச் சொன்னாள். பையைக் கட்டி முடித்திருந்தாள். பன்னிரண்டரைக்கு பஸ்.

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஜெப ஆசிரமத்துக்கு லீதியாள்தான் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, வேலையை விட்டுவிட்டு வந்தவள். எப்சிபாயின் மூத்த மகளைவிட இரண்டு வயது இளையவள். ஆனாலும் வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் பாரத்தை அவளிடம்தான் இறக்கிவைப்பார்கள். அவள் குறைவாகப் பேசுவாள்.

"உட்காருங்கம்மா. என்ன ஜெபம் பண்ணுனீங்க?"

எப்சிபாய் உட்காரவில்லை. பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஜெபக்குறிப்பு நோட்டு. அட்டையின் ஓரம் நைந்துபோயிருந்தது.

"எல்லாம் இதுல இருக்கு. ஒண்ணுகூட விடல."

நின்றபடியே வாசித்தாள்.

"என் இளைய மகன் ஜெபஸ்டின். வயசு முப்பத்தொண்ணு. மஸ்கட்ல ரூவிங்கிற இடம். பச்சை கலர் பில்டிங், மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏசி கம்பெனியில சூப்பர்வைசர். ஆண்டவரே, அவனை அங்கேயே நிலைநிறுத்தும். மேனேஜர் கண்ணுல அவனுக்குத் தயவு கிடைக்கப்பண்ணும்…"

கருப்பட்டிக் காப்பியோடு வந்த சமையற்காரி தாசம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பின்கோடு போடலியா யக்கா? ஆண்டவர் பாட்டுக்கு வேற மாடியில ஏறிட்டாருன்னா?"

"போடீ. பிள்ளைய அவ்வளவு தூரத்துல விட்டுட்டு இருக்கவளுக்குத்தான் தெரியும்."

தாசம்மாள் காப்பியை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

"மகனுக்கு என்ன?" என்று கேட்டாள் லீதியாள்.

"அதுதான தெரியல! மூணு மாசமா அவன் குரல் சரியில்ல. பெத்தவளுக்குத் தெரியாதா? அங்க என்னமோ நடக்கு. என்னன்னு ஆண்டவர் எனக்குச் சொல்லணும். அத வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். இன்னும் ரெண்டரை மணி நேரத்துல பஸ்."

"அவனைக் கேட்டீங்களா?"

"கேக்காம? ஞாயித்துக்கிழமை தவறாம கூப்பிடுவான். சாப்பிட்டியா, கோயிலுக்குப் போனியா, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சியான்னு எல்லாம் கேட்டு, போன்லயே அவனுக்கு ஜெபமும் பண்ணிருவேன்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம். ஆவியில நெறஞ்சு பண்ணுற அன்னைக்குப் பதினஞ்சு."

"அவன் என்ன சொல்லுவான்?"

"ஆமென் சொல்லுவான்."

"வேற?"

எப்சிபாய் யோசித்தாள்.

"ஆமென் சொல்லிட்டு வச்சிருவான்."

வெளியே மணி அடித்தது. பத்து மணி. அந்த ஆசிரமத்தில் பத்திலிருந்து பதினொன்று வரை மௌன வேளை. சமையல்கட்டில்கூடப் பாத்திரம் ஓசைப்படாது.

லீதியாள் கையை நீட்டினாள்.

எப்சிபாய் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது இல்லாமப் போனா எதையாவது விட்டிருவேன் சிஸ்டர்."

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

எப்சிபாய் நோட்டைக் கொடுத்தாள். லீதியாள் அதை, வாசித்த பக்கம் திறந்தபடியே, மேஜையில் வைத்தாள்.

*

ஜெப அறையில் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மரச்சிலுவை. பக்கத்தில் ஒரு கடிகாரம்.

எப்சிபாய் கண்ணை மூடினாள்.

வீட்டுப் பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டேனா?

கண்ணைத் திறந்தாள். பத்து மூன்று.

மறுபடியும் மூடினாள். போன ஞாயிறு அவன் இருமினானே, சளியா? அங்கே கஷாயத்துக்கு எங்கே போவான். மேனேஜர் ஏசினானோ. ஒருவேளை ஏதாவது பெண் விவகாரமோ. கர்த்தாவே!

முழங்காலை மாற்றி வைத்தாள். எறும்பு ஏறியதுபோல இருந்தது. பார்த்தாள். எறும்பு இல்லை.

பத்து ஒன்பது.

சும்மா உட்காரவா ஐம்பது கிலோமீட்டர் வந்தேன் என்று தோன்றியது. ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தாள். உதடு அசையாமல், மனசுக்குள். நூறு சொன்னாள். இருநூறு சொன்னாள். முந்நூற்று நாற்பதில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. முதலில் இருந்து தொடங்கினாள்.

பதினொரு மணிக்கு எழுந்தபோது தலை கனத்தது. தாசம்மாள் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன யக்கா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு? பிரஷர் மாத்திரை போட்டியா?"

"போட்டேன்னுதான் நினைக்கேன்."

*

லீதியாள் அவளைத் தன் அறைக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். முதுகைச் சாய்க்கச் சொன்னாள். கையை மேஜையில் நீட்டவைத்து, பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றினாள். பழைய பாதரசப் பெட்டி. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு காற்று அடித்தாள்.

பட்டை கையை இறுக்கியது.

"நான் ஒரு சத்தமும் போடல சிஸ்டர். சிஸ்டர் சொன்னபடியே இருந்தேன். மனசுக்குள்ள மட்டுந்தான் பேசுனேன். அப்பவும் பாருங்க, ஆண்டவர் ஒரு வார்த்தை…"

லீதியாள் காற்றை முழுவதும் இறக்கிவிட்டாள்.

"கேட்கல."

மறுபடியும் அடித்தாள். பாதரசம் ஏறியது.

"முந்தி எல்லாம் ஒரு வசனமாவது குடுப்பாரு. பெரியவனுக்கு டைபாய்டு வந்தப்ப, வேதத்தத் திறக்கேன், நேரா சுகமாக்குற வசனம்! இப்ப என்னமோ…"

காற்று இறங்கியது.

"கேட்கல."

"நான் சொல்லுறதக் கேளுங்களேன் சிஸ்டர்! உங்ககிட்டயாவது சொல்லிட்டுப் போகலாம்னு பாத்தா, நீங்களும் காதுல எதையோ மாட்டிக்கிட்டு…"

லீதியாள் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கழுத்தில் போட்டாள்.

"கேட்கத்தான் பார்க்கிறேன் அம்மா. நீங்க பேசுறதுல உங்களைக் கேட்க முடியல."

எப்சிபாய் வாயைத் திறந்தாள்.

மூடினாள்.

லீதியாள் மறுபடி மாட்டிக்கொண்டு மூன்றாவது தடவை காற்று அடித்தாள். பட்டை இறுகியது. பிறகு, மெல்ல, மிக மெல்ல, காற்றை விட்டாள்.

அறையில் ஒன்றும் அசையவில்லை. பாதரசம் இறங்கிக்கொண்டிருந்தது. லீதியாள் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, ஏதோ தூரத்துச் சத்தத்துக்குக் காது கொடுப்பதுபோல இருந்தாள்.

அப்போது முழங்கைக்கு உள்ளே ஒன்று அடித்தது. தொம். தொம். தொம்.

ஐந்து நாளில் எப்சிபாய் ஒருதடவைகூடக் கவனிக்காதது. பயந்த குருவியைக் கைக்குள் பிடித்தால் எப்படி அடிக்குமோ, அப்படி அடித்தது.

என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அது அடித்தது. அந்த ஒன்றை அவள் நோட்டில் எழுதியிருக்கவில்லை.

கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கை எழவில்லை. ஒரு கை பட்டைக்குள் இருந்தது. இன்னொரு கையையும் அவள் அசைக்கவில்லை.

காற்று முழுவதும் இறங்கியது. லீதியாள் பட்டையை அவிழ்த்தாள்.

"எவ்வளவு இருக்கு சிஸ்டர்?" என்றாள் எப்சிபாய். குரல் சின்னதாக வந்தது.

"கொஞ்சம் கூடுதல்தான். மாத்திரை போட்டாச் சரியாகும்." கொஞ்சம் பொறுத்து, "இப்பதான் கேட்டுச்சு" என்றாள்.

எப்சிபாய் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டை இறுக்கிய இடத்தில் சிவப்பாக ஒரு தடம்.

*

அந்த நேரத்தில் பைக்குள் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தாள். ஜெபஸ்டின்.

இன்றைக்குப் புதன்கிழமை. டூட்டி நேரம்.

"யம்மா."

"ஐயா!"

"சும்மாதான்மா கூப்பிட்டேன்."

ஏன் டூட்டிக்குப் போகலியா, காய்ச்சலா, மேனேஜர் ஏதும் சொன்னானா, இருமல் நின்னுச்சா? எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு ஏறி வந்தது. பின்னாலேயே ஜெபமும் வந்தது. அன்பின் ஆண்டவரே என்ற தொடக்கம் நாக்கு நுனியில் நின்றது.

கையில் இருந்த சிவப்புத் தடத்தைப் பார்த்தாள்.

பேசவில்லை.

"யம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்யா."

அந்தப் பக்கம் சத்தமில்லை. எப்சிபாயின் கால் விரல்கள் தரையைக் கீறின. மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். லீதியாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தூரத்தில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. மஸ்கட் வண்டி.

"நீ ஜெபம் பண்ணலியாம்மா?"

"நீ சொல்லுயா."

மறுபடியும் சத்தமில்லை. இந்தத் தடவை நீளமாக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். காதைப் போனோடு அழுத்தினாள். அவன் மூச்சு கேட்டது. ஏறி, நின்று, உடைந்து இறங்குகிற மூச்சு. அவனுக்கு ஆறு வயதில், பள்ளிக்கூடத்துச் சிலேட்டை உடைத்துவிட்டு வந்து கதவுக்குப் பின்னால் நின்று விட்ட அதே மூச்சு.

அவள் அசையவில்லை.

"யம்மா," என்றான். "எனக்கு இங்க முடியலம்மா. மூணு மாசமாச் சொல்லணும்னு கூப்பிடுதேன்."

மூச்சு.

"நான் வீட்டுக்கு வந்திரட்டுமா?"

மேஜைமேல் நோட்டு கிடந்தது. திறந்த பக்கத்தில், அவள் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு: அவனை அங்கேயே நிலைநிறுத்தும்.

எப்சிபாய் நோட்டை மூடினாள்.

"வா" என்றாள்.