வாசற்படியில் வலது கால்

"ராணி போய்விட்டாள். படையும் போய்விட்டது. இனி இந்தக் கோயிலில் நின்று நான் எதைக் கேட்பது?" என்றான் தெரிகாஸ்.

அமனிசெலா ராணியின் வில்படைக்குத் தலைவனாக இருந்தவன் அவன். தாடி முழுக்க நரைத்துவிட்டது. போர் முடிந்ததும் வில்லை முறித்துப் போட்டுவிட்டு, நைல் கரையில் இருந்த அந்தக் கோயிலுக்கு வந்து சீடனாகச் சேர்ந்தான்.

குருவாக இருந்தவள் மலேதா, கோயிலின் பூசாரி. அவனுக்கு மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் குரு குருதானே.

மலேதா விளக்குத் திரியை இழுத்துவிட்டாள்.

ரோமர்கள் வரி கேட்டு வந்தபோது, தரமாட்டேன் என்று சொன்னவள் அந்த ராணி. எல்லைக் கோட்டையைப் பிடித்தாள். அங்கே நின்ற ரோமச் சக்கரவர்த்தியின் வெண்கலச் சிலையைச் சாய்த்து, தலையை மட்டும் வெட்டி எடுத்து வந்தாள். ஆற்றில் வெள்ளம் வந்து வடிகிற வரைக்கும் நாடு அவளுடையதாக இருந்தது.

அப்புறம் வடக்கிலிருந்து பெரும்படை வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தலை இன்னும் இங்கேதான் இருந்தது. கோயில் வாசற்படிக்கு அடியில்.

அது அந்த நாட்டு வழக்கம். பகைவனின் உருவத்தைப் படிக்கு அடியில் புதைத்துவிடுவார்கள். சாமி கும்பிட வருகிறவர்கள் எல்லோரும் அவனை மிதித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விலாவில் ஈட்டி பாய்ந்த ராணி, சாகிற நாளில், தன் கையாலேயே மண்ணைத் தள்ளி அதை மூடினாள்.

இப்போது ரோமத் தளபதி ஒருவன் அதைத் தேடி ஊர் ஊராக வந்துகொண்டிருந்தான். கிடைக்காத ஊரை விட்டுவிடுகிறானாம். கிடைக்கிற ஊருக்குத் தீ வைப்பேன் என்று சொல்லியிருக்கிறானாம்.

"தோண்டி எடுத்து ஆற்றில் எறிந்துவிடட்டுமா, அம்மா?" என்றான் தெரிகாஸ். "செத்துப்போனவளின் கோபத்துக்கு இருக்கிற பிள்ளைகள் வேக வேண்டுமா?"

"ஆற்றில் எறிந்தால் யார் மிதிப்பார்கள்?"

"இப்போது மட்டும் யார் மிதிக்கிறார்கள்? பயத்தில் ஒருவரும் கோயில் பக்கமே வருவதில்லை."

"வருவார்கள்" என்றாள் மலேதா.

வடக்கே புழுதி எழுந்தது.

மலேதா எழுந்து போய்க் கோயில் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்தாள்.

தளபதி வந்து இறங்கினான். எல்லையில் பல வருஷம் இருந்தவன், அவர்கள் பேச்சு அவனுக்கு வரும். கோயிலுக்குள் தேட வேண்டும் என்றான். தாராளமாகத் தேடலாம் என்றாள் மலேதா.

"ஒன்றுதான். இது சாமி இருக்கிற இடம். உங்கள் ஊரில் சாமி வாசலை எப்படித் தாண்டுவீர்களோ அப்படித் தாண்டுங்கள்."

தளபதிக்குச் சுருக்கென்றது. தங்களுக்கு முறை தெரியாது என்று ஒரு பெண் நினைப்பதா? திரும்பி, ஆட்களுக்கு உத்தரவு போட்டான்.

ரோமர்கள் வாளுக்குப் பயப்படாதவர்கள். ஆனால் வாசலில் இடது கால் பட்டால் கேடு வரும் என்று நடுங்குவார்கள்.

ஒவ்வொருவனும் படிக்கு முன்னால் நின்றான். குனிந்து காலைப் பார்த்துக்கொண்டான். பிறகு வலது காலைத் தூக்கி, படியின் நட்டநடுவில், அழுத்தி வைத்து ஏறினான். செருப்பின் இரும்பாணிகள் கல்லில் நறநறத்தன.

ஒரு சிப்பாய் பராக்குப் பார்த்தபடி இடது காலை வைத்துவிட்டான். பின்னால் வந்தவன் அவன் பிடரியில் ஒன்று போட்டு, இறங்க வைத்து, மறுபடி மிதிக்க வைத்தான்.

தெரிகாஸ் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிப்பாய்கள் ஏற ஏற, தூணை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

உள்ளே சுவரைத் தட்டினார்கள். தரையைக் குத்திப் பார்த்தார்கள். தானியப் பானைகளைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே வரும்போதும் அதே வலது கால், அதே அழுத்தம்.

தளபதி கடைசியாக வந்தான். படியிலேயே நின்று வியர்வையைத் துடைத்தான். தெரிகாஸை முறைத்தான்.

"உங்கள் ராணி மண்ணோடு மண்ணாகிவிட்டாள், கிழவா. எங்கள் சக்கரவர்த்தியை எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. தெரிகிறதா?"

தெரிகாஸ் அவன் காலைப் பார்த்தான்.

"தெரிகிறது, ஐயா" என்றான் பணிவாக. "நன்றாக ஊன்றி நில்லுங்கள். கல் வழுக்கும்."

தளபதி காலை ஒருமுறை தட்டி ஊன்றிக்கொண்டான். கிழவனுடைய மரியாதை அவனுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. குரல் தணிந்தது. இந்த ஊரில் தேடல் முடிந்தது, யார் வீட்டுக்கும் தீ இல்லை என்றான். ஆற்றங்கரையில் ஒரு காவல்படை மட்டும் தங்கும். அவர்களுக்கும் கும்பிட ஓர் இடம் வேண்டும். காலையும் மாலையும் இங்கேதான் வருவார்கள் என்றும் சொன்னான்.

"வரட்டும். கதவு திறந்தே இருக்கும்" என்றாள் மலேதா.

குதிரைகள் போயின. புழுதி அடங்கியது.

தெரிகாஸ் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வழிந்தது. போருக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தாள் மலேதா.

அவள் தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"எழுந்திரு. படியைக் கழுவி வை. மாலையில் மிதிக்க வருகிறார்கள்."